'டூப்ளிகேட்' என்று பெயர் வாங்கிய பெட்டி

2003ஆம் ஆண்டு மட்டக்களப்பு கல்லடியில், வீட்டோடு சேர்ந்த சின்ன அறை ஒன்றில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் கடை தொடங்கினேன். கொப்பி மெஷினுக்கு முற்பணம் கட்டிய பிறகு கையில் மிஞ்சிய காசு ஒரு கொம்பியூட்டருக்கே மட்டுமட்டாக இருந்தது. மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், முதல் நாளே சொல்லிவிட்டார்: "பிராண்ட் சாமானாப் பார்த்து எடுங்க மருமகன். இந்தக் கடையில பொருத்தித் தாற டூப்ளிகேட் வேணாம்."

அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் பலருக்கும் அதே எண்ணம்தான். கொம்பனிப் பெயர் ஒட்டி, சீல் உடைக்காத பெட்டியில் வருவது ஒரிஜினல். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நம்மூர்க் கடைக்காரர் பொருத்தித் தருவது டூப்ளிகேட். எனக்குக் கிடைத்த விலைகளில் பிராண்ட் பெட்டி, பொருத்தித் தரும் பெட்டியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. என்னிடம் அவ்வளவு இல்லை. ஆகவே காத்தான்குடியில் ஒரு நானாவின் கடைக்குப் போனேன்.

இத்தனை வருடத்தில் என் கடையில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வந்து போய்விட்டன. பிராண்ட், அசெம்பிள் (கடையில் பொருத்தித் தருவது), ரீகண்டிஷன் (பாவித்ததைத் திருத்தி விற்பது) மூன்றோடும் பழகியிருக்கிறேன். மாமா சொன்ன அந்தச் சொல் அன்றைக்கும் பிழை, இன்றைக்கும் பிழை. ஆனால் இன்னும் பலர் அதை வைத்துத்தான் காசைக் கொடுக்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

நானா கடைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, கேசிங்கை, அதாவது வெற்றுக் கூட்டை, படுக்க வைத்தார். செலரோன் 1.7 கிகாஹேட்ஸ் புரொசசர், 128 எம்.பி. ராம், 40 ஜீ.பி. ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொம்பனி. கேசிங்கின் உள்தகட்டில் இருந்த துளைகளில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்களை முடுக்கினார். எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய சுற்றுப் பலகையான மதர்போட்டை மேலே வைத்தார். போட்டின் துளைகள் கால்களின் தலையில் நேராக வந்து உட்கார்ந்தன. ஒரு நூல் கூட விலகவில்லை. கேசிங் செய்தவருக்கும் போட் செய்தவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கவே நியாயமில்லை. எப்படி இது பொருந்துகிறது என்று கேட்டேன். "அளவு ஒண்டுதானே தம்பி. ஏ.டி.எக்ஸ். எண்டு கேட்டா எல்லாருக்கும் ஒரே அளவு" என்றார்.

பிறகு, சுவர் மின்சாரத்தைப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளையிலிருந்து வந்த இருபது கம்பிச் சொக்கட்டை என் கையில் தந்து, "நீங்களே போடுங்க" என்றார். நான் தயங்கினேன். "பயப்படாதீங்க. பிழையாப் பிடிச்சா இது உள்ள இறங்காது. முந்தி வந்த சப்ளையில ரெண்டு சொக்கட். கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில பக்கத்துப் பக்கமா வரணும். மாத்திப் போட்டா போட் முடிஞ்சி. இப்ப அந்தத் தலையிடி இல்ல."

சொக்கட்டை உற்றுப் பார்த்தேன். அதன் துளைகளில் சில முழுச் சதுரம், சில மூலை வெட்டியவை. போட்டில் இருக்கும் வாயிலும் அதே ஒழுங்கு. திருப்பிப் பிடித்தேன், நுழையவில்லை. சரியாகப் பிடித்து அழுத்தியதும் 'டக்' என்று கொளுவிக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஐந்து வருடம் கழித்து அதே சத்தம் என்னை ஏமாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லா வயரையும் நானே மாட்டினேன். கீபோட்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மொனிட்டருக்கு நீலம், மைக்குக்கு இளஞ்சிவப்பு. இன்டெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து 'பிசி 99' என்ற பெயரில் வெளியிட்ட வழிகாட்டியில் வந்த நிறங்கள் அவை. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதவர் கூட நிறம் பார்த்து மாட்டிவிடலாம்.

மாமாவின் சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. எதனுடைய டூப்ளிகேட் இது? எதைப் பார்த்து இதைக் கொப்பி அடித்தார்கள்? வாசிக்கத் தொடங்கினேன். விஷயம் 1981க்குப் போனது.

அந்த வருடம் ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனது முதல் பெர்சனல் கொம்பியூட்டரை அறிவித்தது. மாதிரி இலக்கம் 5150. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் போக்கா ரட்டோன் என்ற ஊரில், டொன் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு அதைச் செய்தது. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வருடம்தான். எல்லாவற்றையும் தாங்களே செய்ய நேரமில்லை. அதனால் சந்தையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்தினார்கள். புரொசசர் இன்டெலின் 8088. இயங்குதளம் மைக்ரோசொப்டிடமிருந்து. மேலும் அட்டைகள் செருக உள்ளே ஐந்து வாய்கள் விட்டார்கள். சுற்று வரைபடத்தையும் பயோஸ் என்ற தொடக்க நிரலையும் அச்சிட்ட ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் விற்றார்கள், மற்றவர்கள் அதற்கேற்ற அட்டைகளைச் செய்யட்டும் என்று.

சரியாகப் பார்த்தால் முதல் ஐ.பி.எம். பிசியே ஓர் அசெம்பிள் பெட்டிதான்! காத்தான்குடி நானா தரையில் பேப்பர் விரித்துச் செய்ததைத்தான் அவர்களும் பெரிய அளவில் செய்தார்கள்.

அதில் ஐ.பி.எம்முக்கு மட்டும் சொந்தமாக இருந்தது பயோஸ். கொம்பியூட்டரைப் போட்டவுடன் முதலில் ஓடும் சின்ன நிரல் அது. அதை அப்படியே கொப்பி அடித்தால் வழக்கு வரும். 1982இல் தொடங்கிய கொம்பேக் நிறுவனம் ஒரு வழி கண்டது. அந்த நிரல் என்னென்ன வேலை செய்கிறது என்பதை ஒரு குழு எழுதி வைத்தது. மூல நிரலைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு பயோஸ் எழுதியது. 1984 அளவில் பீனிக்ஸ் என்ற நிறுவனமும் அதே முறையில் ஒன்றை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. மைக்ரோசொப்டும் தனது டொஸ் இயங்குதளத்தை மற்றவர்களுக்கு விற்கும் உரிமையைக் கையில் வைத்திருந்தது. கதவு திறந்துவிட்டது. குளோன் என்று உலகம் சொன்னது இவற்றைத்தான்.

குளோனைப் போலி என்று நினைத்துவிடுகிறோம். போலி என்றால் இன்னொருவரின் பெயரை ஒட்டி ஏமாற்றுவது. குளோன் தன் பெயரில்தான் வந்தது, அளவை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டது. நம்மூரில் சைக்கிள் டயருக்கு 28 இஞ்சி என்று கேட்டால், எந்தச் சைக்கிள், எந்தக் கொம்பனி என்று கடைக்காரர் கேட்பதில்லை. எடுத்துத் தருவார். மற்றக் கொம்பனி டயரைப் போட்ட சைக்கிளை நாம் டூப்ளிகேட் என்று சொல்வதும் இல்லை.

தட்டச்சு செய்கிறவனுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். எத்தனை பேர் அதைக் கண்டு வைரஸ் என்று பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருக்கிறார்கள்! எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வந்த பிறகு எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே நிற்கிறது. எழுத்துக்குப் பொது அளவு எப்படியோ, பெட்டிக்கும் அப்படித்தான்.

1987இல் ஐ.பி.எம். அந்தக் கதவை மூடப் பார்த்தது. பி.எஸ்./2 என்ற புது வரிசையில், அட்டை செருகும் வாயையே மாற்றி, அதைப் பயன்படுத்த மற்றவர்கள் உரிமைக் கட்டணம் தர வேண்டும் என்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் புதிய வாய் பழையதைவிட நல்லதுதான். ஆனால் மக்களிடம் இருந்த பழைய அட்டைகள் அதில் ஏறா. அடுத்த வருடம் கொம்பேக் முன்னின்று ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய அட்டையும் ஏறக்கூடிய வேறொரு வாயை அறிவித்தன. ஐ.பி.எம்மின் வாய் எடுபடவில்லை. 2005இல் அதன் பெர்சனல் கொம்பியூட்டர்த் தொழிலே லெனோவோவின் கைக்குப் போனது. அந்த பி.எஸ்./2 வரிசையிலிருந்து நம் மேசை வரைக்கும் வந்து சேர்ந்தவை, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்திய அந்த வட்டமான கீபோட், மவுஸ் சொக்கட்டுகள். என் முதல் பெட்டியில் ஊதாவும் பச்சையுமாக இருந்தவை அவைதான்.

இனி அந்த 'டக்' சத்தத்தின் கதை.

2008இல் ஒரு நிறுவனம் மட்டக்களப்பில் தன் அலுவலகத்தை மூடியபோது பழைய சாமான்களை விற்றது. பெயர் பெற்ற பிராண்ட் கொம்பியூட்டர்கள், ஒரு பெட்டி என் அசெம்பிள் பெட்டியில் கால்வாசி விலைக்கு. மூன்று எடுத்தேன். மாமாவுக்குச் சந்தோஷம். "இப்பதான் கடை மாதிரி இருக்கு" என்றார். உண்மையில் நல்ல பெட்டிகள். சத்தம் குறைவு, தகடு தடிப்பு, கையை வெட்டும் கூர் விளிம்பு எங்குமே இல்லை.

அந்த மாரியில் ஓர் இரவு இடி மின்னல். காலையில் மூன்றில் மிகப் பழைய பெட்டி உயிர் இல்லாமல் கிடந்தது. சப்ளை போயிருக்கிறது என்று விளங்கிவிட்டது. நானா கொழும்புக்குப் போயிருந்தார். இதில் என்ன இருக்கிறது, நானே போடுவேன் என்று கடையில் புது ஏ.டி.எக்ஸ். சப்ளை ஒன்று வாங்கி வந்தேன். அளவு சரி. நான்கு திருகாணியும் சரி. இருபது கம்பிச் சொக்கட்டும் சரி. அழுத்தினேன், 'டக்'. போட்டில் ஆறு கம்பி வாய் ஒன்று தனியாக மிஞ்சியிருந்தது. புது சப்ளையில் அதற்குச் சொக்கட் இல்லை. மேலதிகமாக எதற்கோ வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பொத்தானை அமத்தியதும் மணம் வந்தது. பிளாஸ்டிக்கும் பினாயிலும் சேர்ந்து எரிந்தது போல ஒரு மணம். போட்டின் ஓரத்தில் நூல் போலப் புகை. பிளக்கை இழுத்தேன். பிந்திவிட்டது.

பழைய சப்ளையையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கம்பி நிறத்தைப் பார்த்தேன். புதியதில் முதல் இரண்டு இடத்திலும் செம்மஞ்சள் கம்பி, 3.3 வோல்ட். பழையதில் அந்த இரண்டு இடத்தில் ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. அதாவது 5 வோல்ட் சிவப்பு வர வேண்டிய இடத்திலும், தரைக்கம்பியான கறுப்பு இருக்க வேண்டிய இடத்திலும் செம்மஞ்சளைக் கொடுத்திருக்கிறேன். பழையதில் 3.3 வோல்ட் கம்பிகள் எல்லாம் அந்தத் தனி ஆறு கம்பிச் சொக்கட்டில் இருந்தன. வாய் பொது வாய். உள்ளே ஒழுங்கை மட்டும் அந்தக் கொம்பனி தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தது.

நானா திரும்பி வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிழையாப் போகாத மாதிரிச் செஞ்ச சாமானை, பிழையாப் போற மாதிரி ஆக்கி வெச்சிரிக்கி" என்றார். எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் விஷயம் இது. தனக்கென்று வேறு வாய் வைத்திருந்தால் கூடப் பரவாயில்லை. பொருந்தாது, நாமும் போட மாட்டோம்.

அன்று தப்பியது ஹார்ட் டிஸ்க். அதில் ரியூஷன் வாத்தியார்மாரின் வினாத்தாள்களும், மூன்று பேருடைய காணி உறுதி வரைவுகளும் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கின் வாய் உலகப் பொது வாய் என்பதால், பொழுதுபடுவதற்குள் அதைக் கழற்றி என் 'டூப்ளிகேட்' பெட்டியில் கொளுவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது பிராண்ட் பெட்டி 2010இல் படுத்தது. இதற்கும் சப்ளைதான். கம்பி ஒழுங்கு சரி, ஆனால் உருவம் வேறு, நீளமாகச் செங்கல் மாதிரி. மட்டக்களப்பில் இல்லை, கல்முனையிலும் இல்லை. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருந்தது. பாவித்தது. விலை, ஒரு நல்ல புது சப்ளையைப் போல மூன்று மடங்கு. வாங்காமல் திரும்பினேன். சாதாரண சப்ளையைப் பெட்டிக்கு வெளியே வைத்து, பக்கத் தகட்டைத் திறந்தபடி வயரை உள்ளே விட்டு இரண்டு வருடம் ஓட்டினோம். ஒருநாள் பல்லி உள்ளே போய் அந்தப் பெட்டியின் கதையை முடித்தது. மூன்றாவது மட்டும் கடைசி வரை பழுதே ஆகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அசெம்பிள் பெட்டி குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல், தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் குவிந்து கிடந்த வாரம், என் முதல் பெட்டி பாதி வேலையில் உறையத் தொடங்கியது. திறந்து பார்த்தால், புரொசசரைச் சுற்றி நின்ற, மின்சாரத்தைச் சமன்செய்யும் சின்ன உருளைகளான கெப்பாசிற்றர்களில் நான்கு தலை வீங்கி, உச்சியில் கபில நிறத்தில் கசிந்திருந்தன. 2000களின் முதல் பாதியில் செய்த பல போட்களுக்கு அந்த நோய் இருந்தது, பிராண்ட் பெட்டிகளுக்கும் தப்பவில்லை. ஆனால் எனக்கு நடந்தது போட் மாற்றம் மட்டும்தான். டுவல் கோர் புரொசசரோடு புது போட் ஒன்று, அதற்கேற்ற ராம், ஒரு சப்ளை. ராம் டீ.டீ.ஆர். 2க்கு மாறியிருந்ததால் பழையது ஏறவில்லை. சப்ளைச் சொக்கட் 20இலிருந்து 24 கம்பிக்கு மாறியிருந்தது. ஆனால் மேலதிக நான்கையும் தனித் துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள், பழைய போட்டிலும் புதியதிலும் கொளுவலாம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் புது போட்டில் ஒரு வாய் விட்டிருந்தார்கள். கேசிங், மொனிட்டர், கீபோட் எல்லாம் இருந்தபடியே. மறுநாள் பின்னேரம் வினாத்தாள் அச்சுக்குப் போனது.

அசெம்பிள் பெட்டியில் நம்மை ஏமாற்றக்கூடிய இடம் சப்ளைதான். கேசிங்கோடு இனாமாக வரும் சப்ளையில் 450 வொட்ஸ் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். வெற்றுப் பிஸ்கட் டின் போலப் பாரமில்லாமல் இருந்தால் அதை நம்பாதீர்கள். பட்டியலில் மற்ற எதைக் குறைத்தாலும் சப்ளையில் குறைக்காதீர்கள். இன்னொன்று, பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் தொடர் இலக்கமும் எழுதி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி பழுதுக்குக் கொடுத்த பெட்டி திரும்பி வந்தபோது 8 ஜீ.பி. ராம் 4 ஆகியிருந்தது. பில்லில் 'கொம்பியூட்டர் ஒன்று' என்று மட்டும் இருந்ததால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கல்லடியில் உப்புக் காற்று. நாங்கள் ஜன்னல் திறந்துதான் வேலை செய்கிறோம். பெட்டியைப் போட்டால் படம் வராமல் 'பீப், பீப்' என்று நீளமாகக் கத்தினால் பத்தில் ஏழெட்டுத் தடவை ராம்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து அதன் பொன் நிறப் பற்களைப் பாருங்கள். மங்கிக் கறுத்திருக்கும். பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டால் எழும்பிவிடும். இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் அட்டை கழற்றிய ஓட்டைகளையும் மூடி வையுங்கள். பல்லிக்கு அதுதான் வாசல்.

பெட்டியில் நேரமும் திகதியும் ஒவ்வொரு நாளும் பிழைக்கிறதா? போட்டில் இருக்கும் காசு வடிவ பற்றரி தீர்ந்துவிட்டது. சீ.ஆர். 2032 என்று கேளுங்கள், மணிக்கூட்டுக் கடையிலேயே தருவார்கள். 20 என்பது மில்லிமீற்றரில் அகலம், 32 என்பது 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அளவையே பெயராக வைத்ததால் எந்தக் கொம்பனியிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. வீட்டு யூ.பி.எஸ். பலவற்றின் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரியும் அப்படித்தான். யூ.பி.எஸ். மின்சாரம் நின்றதும் செத்துவிடுகிறது என்று அதைத் தூக்கி எறியாதீர்கள், பற்றரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. புது போட்டுக்கு விலை கேட்க முடியாது. கேட்டாலும் நாளைக்கு அந்த விலை இருக்காது. அந்த நேரத்திலிருந்து நம் பக்கம் பெருகியவை ரீகண்டிஷன் பெட்டிகள். வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிய மெலிந்த பிராண்ட் பெட்டிகள். விலை மலிவு, பார்க்க அழகு. அயலில் யாராவது வாங்கப் போனால் என்னையும் கூட்டிப் போவார்கள்.

நான் முதலில் பக்கத் தகட்டைத் திறக்கச் சொல்வேன். திறக்க விடாத கடையில் வாங்குவதில்லை. திறந்ததும் கண் போவது சப்ளைச் சொக்கட்டுக்கு. 24 கம்பி என்றால் நிம்மதி. ஆறு, எட்டு, பத்துக் கம்பி என்று கொம்பனிக்கே உரிய சின்னச் சொக்கட் இருந்தால், சப்ளை போகும் நாளில் என்ன செய்வது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். மாற்று வயர்கள் இப்போது கிடைக்கின்றன, ஆனால் அந்த மாதிரிக்கு உரியதா என்று நிச்சயமாகத் தெரியாமல் கொளுவ வேண்டாம். நான் பட்டது போதும். சப்ளையின் முகம் 150க்கு 86 மில்லிமீற்றர் என்றால் அது பொது அளவு. அடிமட்டம் ஒன்று பையில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது புரொசசர் இலக்கம். இன்டெல் என்றால் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 4570 என்றால் நான்காம் தலைமுறை, 6500 ஆறாம், 8500 எட்டாம். இது முக்கியம், ஏனென்றால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும் என்கிறது மைக்ரோசொப்ட். நான்காம் தலைமுறைப் பெட்டியை மலிவு என்று எடுத்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்வேன் என்பவருக்கு அது பிரச்சினை இல்லை. என் கடையில் பிள்ளைகள் உட்காரும் பெட்டி அப்படித்தான் ஓடுகிறது.

பிராண்ட் பெட்டியே வாங்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. வாசலுக்கு வந்து பழுது பார்க்கும் வொரண்டி உள்ள அலுவலகத்துக்கு அது நல்ல தெரிவு. வாகரையிலோ கொக்கட்டிச்சோலையிலோ ரியூஷன் வகுப்பு நடத்துகிறவருக்கு அந்த வொரண்டி பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது பழுதானால், இந்தப் பாகத்தை எந்த ஊர்க் கடையிலும் எடுக்கலாமா, அல்லது ஒரேயொருவரிடம்தான் எடுக்கலாமா?

தெரிவு என்பது வாங்கும் நாளோடு முடிகிற விஷயமும் இல்லை. 90களில் ஒரே சொக்கட்டில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் மூன்று கொம்பனிப் புரொசசரும் ஏறும். 1997இல் பென்டியம் 2ஓடு இன்டெல் தன் வாயைத் தனியாக்கிக்கொண்டது. அன்றிலிருந்து போட் வாங்கும் போதே புரொசசர் கொம்பனியையும் முடிவு செய்ய வேண்டியதாகிவிட்டது. அதிலும் எந்த வாய் அதிக காலம் நிற்கும் என்று பார்க்கலாம். ஏ.எம்.டியின் ஏ.எம். 4 சொக்கட் 2016இல் வந்தது. 2022இல் வெளியான புரொசசரும் அதில் ஏறியது.

மகனுக்குச் சென்ற மாதம் பெட்டி தேவைப்பட்டபோது அதைத்தான் எடுத்தோம். ஏ.எம். 4 போட், ரைசன் 5 புரொசசர், டீ.டீ.ஆர். 4 ராம், நல்ல சப்ளை. கேசிங் மட்டும் வாங்கவில்லை. 2003இல் நானா தரையில் படுக்க வைத்த அதே கேசிங், இரண்டு தடவை துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தது, களஞ்சிய அறையில் இருந்தது. இதற்கு முன் அது மூன்று போட் கண்டுவிட்டது. மகன் விறாந்தையில் பேப்பர் விரித்துப் பொருத்தினான். போட் சின்ன அளவு, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். துளைகள் குறைவு, ஆனால் இருக்கிற துளைகள் பழைய பித்தளைக் கால்களின் மேல் நேராக வந்து உட்கார்ந்தன. திருகாணிகள் எங்கள் நெஸ்டமோல்ட் டின்னிலிருந்து. போட்டுக்குத் தடித்த மரை, ஹார்ட் டிஸ்க்கின் இடத்துக்கு வந்த எஸ்.எஸ்.டிக்கு நுண் மரை என்று பிரித்துக் கொடுத்தேன். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இது எந்தக் கொம்பனி மகன்?" என்று பேரனிடம் கேட்டார். "எட்டுக் கொம்பனி அப்பப்பா... இல்ல, அம்மப்பா" என்றான் அவன், கையில் ஸ்குறூ டிரைவரோடு, தலை நிமிராமல்.

முன்பக்க பவர் பொத்தான் இருபது வருடத்துக்கு மேற்பட்ட அதே வயரில் வேலை செய்தது. இரண்டு யூ.எஸ்.பி. வாய்களும் புது போட்டில் கொளுவின. ஒன்று வேலை செய்கிறது, மற்றது உப்புப் பிடித்துப் போயிருக்கிறது. கடையை இப்போது நானாவின் மகன்தான் பார்க்கிறார். அந்த யூ.எஸ்.பி. வாய்க்கு மாற்று வயர் அவரிடம் இருக்கிறதாம். சனிக்கிழமை காத்தான்குடிக்குப் போய் எடுத்து வர வேண்டும்.